செயல்பாட்டு வலிப்பு: எந்தப் பரிசோதனை, எந்தச் சிகிச்சை, எந்த ஊர்?

செங்கோட்டைப் பக்கம் ஒருவர் விழுந்து கைகால் வெட்டினால், முதலில் கையில் திணிப்பது சாவிக்கொத்தைத்தான். வெட்டு தானாக அடங்குகிற நேரத்தில் கையில் இருப்பதால் பெயர் சாவிக்குப் போகிறது. சாவி தேடி ஓடுகிற ஆளிடம், வலிப்பைச் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

கண்ணை இறுக மூடி, தலையை இடம் வலமாக ஆட்டி, வேகம் கூடிக் குறைந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் செயல்பாட்டு வலிப்பாக (மூளையில் மின் கோளாறு இல்லாமலே வருவது, நடிப்பும் அல்ல) இருக்க வாய்ப்பு அதிகம். கண் திறந்திருந்து, நாக்கின் ஓரம் கடிபட்டு, அடங்கியபின் குறட்டைபோல மூச்சு வாங்கினால் கால்-கை வலிப்பாக (மூளையின் மின் கோளாறால் வரும் எபிலெப்சி) இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. சிறுநீர் பிரிவது இரண்டிலும் உண்டு.

சாதா ஈஈஜியா, வீடியோ ஈஈஜியா?

சாதா ஈஈஜி (மூளை அலையைப் பதியும் பரிசோதனை) அரை மணி நேரத்தில் முடியும், செலவும் குறைவு. அந்த அரை மணியில் வலிப்பு வராவிட்டால் விடை கிடைக்காது. நார்மல் என்று வந்தாலும் கால்-கை வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. அதையே திரும்பத் திரும்ப எடுப்பதைவிட திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையிலோ வேறு பெரிய மையத்திலோ வீடியோ ஈஈஜிக்குக் காத்திருக்கலாம். அங்கே வலிப்பு வரும்வரை படுக்கவைத்து, உடலசைவையும் மூளை அலையையும் சேர்த்துப் பதிவார்கள். எண்ணெய் போகத் தலை குளித்துவிட்டுப் போங்கள். கூட இருப்பவராலும் பதிவு கெடும். பதறி ஓடி கேமராவை மறைத்து நிற்பார், போர்வையை இழுத்து மூடுவார். வலிப்பு வந்ததைத் தெரிவிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும்.

மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

வலிப்பு மாத்திரை செயல்பாட்டு வலிப்புக்குக் கேட்காது. டோஸை ஏற்றினால் தூக்கமும் தள்ளாட்டமும்தான் மிச்சம். நிற்காத வலிப்பு என்று ஊசிமேல் ஊசி போட்டு வென்டிலேட்டர்வரை போவதும் உண்டு. அதற்காக மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். சிலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பேச்சு சிகிச்சை (மனநல நிபுணரோடு பேசிப் பழகும் சிகிச்சை) மந்திரம் இல்லை. 2020இல் வெளியான, 368 பேரைச் சேர்த்த பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு முடிவில் மாத வலிப்பு எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. வலிப்பில்லாமல் தொடர்ந்து இருந்த நாட்களும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டன. எங்கள் கணக்கில் அதுவே பெரிது. அதில் கொடுத்தது 12 அமர்வுகள். வலிப்புக்கு முந்தைய படபடப்பு, கை மரத்தல் போன்றவற்றைக் குறித்து வைப்பது, அது தொடங்கும்போதே கவனத்தை வெளியே திருப்புவது (குளிர்ந்த டம்ளரைப் பிடிப்பது, கண்ணில் படும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லி எண்ணுவது), பயந்து ஒதுக்கிய பஸ் பயணத்தை, சந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்குவது ஆகியவையே இச்சிகிச்சையின் அடிப்படை. ‘உனக்கு ஒண்ணுமில்ல, நடிக்கிற’ என்று வீட்டில் ஒருவர் சொன்னால் நாலு அமர்வு வீண்.

ஆரியங்காவுக்கு அப்பாலா, இப்பாலா?

ஈஈஜிக்கு மொழி கிடையாது, மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகலாம். பேச்சு சிகிச்சைக்கு மொழிதான் கருவி. மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் மனவருத்தம். நம் ஊரில் குறும்பு. ‘விஷமம் உண்டோ?’ என்று கேட்டால் நடிப்பதாகச் சொல்கிறார் என்றே காதில் விழும். பரிசோதனை அங்கே முடிந்ததும் அறிக்கையோடு திரும்பி, தென்காசியிலோ நெல்லையிலோ தமிழில் பேசும் மனநல மருத்துவரிடம் வாராவாரம் போங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான (டெலி மானஸ்) 14416இல் தமிழிலேயே கேட்கலாம்.