செட்டிநாட்டு வீட்டுக்கு எர்த்: பைப்பா, பிளேட்டா, கெமிக்கலா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் எர்த் கம்பி இல்லாத இரண்டு கம்பி வயரிங்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக இழுக்கும்போது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழிப் பேச்சு கட்டாயம் வரும். எங்கள் தேர்வு பைப்.

பிளேட் என்றால் 60 செ.மீ. சதுரம், 6.3 மி.மீ. கனமுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. மேல் விளிம்பே தரைக்கு 1.5 மீட்டர் கீழே நிற்க வேண்டும். செம்பாறையில் அந்தக் குழிக்கு வெட்டுக்கூலி எக்கச்சக்கம். மண்ணின் மின்தடைத் திறன் 100 ஓம்-மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பிளேட்டுக்குச் சுமார் 52 ஓம் வரும். 40 மி.மீ. விட்டம், 2.5 மீட்டர் நீளமுள்ள பைப்புக்கு 35 ஓம்; தடை குறைவாக இருந்தால்தான் நல்லது. காய்ந்த செம்மண்ணில் இரண்டுமே இதைவிட ஏறும். பைப்புக்குத் துளை போட்டால் போதும், இன்னும் ஆழமாகவும் இறக்கலாம்.

கெமிக்கல் எர்த்தில் பைப்பைச் சுற்றி நிரப்பும் பென்டோனைட் என்ற களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சாதா எர்த் குழியில் போடும் உப்பைப் போல மழையில் கரைந்து போகாது, ஜிஐ பைப்பையும் அரிக்காது. விலைதான் கூடுதல். பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்: முழுக்கக் காய்ந்தால் பென்டோனைட் சுருங்கி விரிசல் விடும், பிடிமானம் விட்டுப்போகும். தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வாய் அவசியம்.

கையிருப்பு குறைவென்றால் 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாதா பைப் இறக்கி இணையுங்கள். தடை ஏறக்குறைய பாதியாகும். வளவு முற்றத்து மழைநீர் வெளியேறும் இடமோ கிணற்றடியோ நல்ல இடம்.

எதைப் போட்டாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவைக் கண்டதும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இல்லாமல் விடாதீர்கள். எர்த் 35 ஓம் என்றால் கசிவு மின்சாரம் 230-ஐ 35-ஆல் வகுத்து ஆறரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) அதற்கு விழாது; பிரிட்ஜ் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். எர்த் கம்பி இல்லாத பிளக்கில் நியூட்ரலை எர்த் முனையோடு முறுக்கி விடுவது இதைவிட ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால் சாமான் முழுக்க ஷாக்தான்.

விசேஷ நாளுக்கு வாடகை ஜெனரேட்டர் வந்தால் ஒன்றைப் பாருங்கள். சிறிய பெட்ரோல் செட் பலவற்றில் நியூட்ரல் செட்டின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்காது. அப்போது வீட்டு ஆர்சிசிபி வேலை செய்யாது. நியூட்ரலையும் இரண்டு முனை சேஞ்ச்ஓவரையும் (லைன், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சுவிட்ச்) எலக்ட்ரீஷியன் சரிபார்த்த பிறகே ஓட்டுங்கள். செட்டை வெளியே வைத்து, அணைத்து ஆறவிட்டுத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். வளவுக்குள் வைத்தால் புகை ஆளைக் கொல்லும்.

எர்த் டெஸ்டர் வைத்து அளப்பதைச் சித்திரை, வைகாசியில் செய்யுங்கள். ஐப்பசி மழையில் எந்தக் குழியும் நல்ல அளவே காட்டும்.