அறுவை சிகிச்சைக்குப் பிறகு "கூடவே இருப்போம்" என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து 4 நாள்தான் ஆகிறது. ஆத்திரம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்கிறாள் தங்கை. ஆறிவிட்டால் எழுதமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் செய்யப் போகிறவர்களும் படியுங்கள். ஆபரேஷன் முடிந்தபின் ஒரு வருடம் உங்களுடன் இருந்து பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி ஆன்லைனில் ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். விற்பவர்கள் ஆஸ்பத்திரியும் இல்லை, டாக்டரும் இல்லை. ஒரு செயலி, அதில் ஒரு அரட்டைக் குழு, மாதம் ஒரு டப்பா விட்டமின், எந்த நேரமும் பேச ஒரு "துணையாளர்". இதற்கு நான் மொத்தமாக முன்பணம் கட்டினேன். என் 2 மாதச் சம்பளம். பெயரைப் போடவில்லை. இதே மாதிரி இன்னும் பல பேர் விற்கிறார்கள், ஒரு பெயரை மட்டும் சொன்னால் அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் விழுவீர்கள்.

எனக்குச் செய்தது பைபாஸ். வயிற்றின் மேல்பக்கம் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைக் கீழே சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைத்துவிடுவார்கள். ஒரே நேரத்தில் அதில் சுமார் 30 மில்லிதான் பிடிக்கும். ஆபரேஷன் அன்றைக்கு எல்லாம் டாக்டர் பொறுப்பு, நாம் படுத்துக்கிடந்தால் போதும். பிறகு வருவதுதான் நம் தலையில். முதலில் தெளிந்த திரவம், பிறகு கெட்டியான திரவம், பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது, கடைசியில் சாதாரணச் சாப்பாடு. ஒவ்வொரு படியாக ஏறுவதற்குள் ஒன்றரை, இரண்டு மாதம் ஓடிவிடும். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன் போக வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். விட்டமின் மாத்திரை ஆயுள் முழுக்க. இதையெல்லாம் தனியாக எப்படிச் செய்வேன் என்ற பயம் ஆபரேஷன் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அந்தப் பயத்தைத்தான் அவர்கள் பணமாக்கினார்கள்.

ஆபரேஷனுக்கு 10 நாள் முன்னால் வீடியோ காலில் வந்தாள் அந்தப் பெண். என்னைவிடச் சின்னவள். எடுத்த எடுப்பிலேயே "அக்கா" என்றாள். "நானும் உங்களை மாதிரி இருந்தவதான் அக்கா" என்று எழுந்து நின்று, சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றைக் காட்டினாள். 5 சின்னத் தழும்புகள். லேப்ராஸ்கோப்பியில் துளை போட்ட இடங்கள், அச்சு அசலாக எனக்கு டாக்டர் காகிதத்தில் புள்ளி வைத்துக் காட்டிய அதே இடங்கள். நான் அழுதுவிட்டேன். பருமனாக இருப்பவர்களுக்கு இது புரியும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் பேச்சு நம் எடையைப் பற்றித்தான், சொந்தக்காரர்கள் வாயிலும் அதேதான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருத்தி, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்காமல், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டாள்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ராத்திரி 2 மணிக்கு வாந்தி வந்தா யாரைம்மா கூப்பிடறது?"

"என்னைக் கூப்பிடுங்க அக்கா. நான் தூங்கினாலும் என் போன் தூங்காது."

அன்று சாயங்காலமே பணத்தைக் கட்டினேன். தவணையாகக் கட்டலாமா என்று கேட்டதற்கு, முழுதாகக் கட்டினால்தான் அவளையே எனக்குத் துணையாளராகப் போட முடியும் என்றாள். 2 மாதச் சம்பளத்தையும் ஒரே தடவையில் அனுப்பினேன். தங்கை அப்போதே சொன்னாள், "அக்கா, ஆஸ்பத்திரியிலயே டயட்டீஷியன் இருக்காங்களே, எதுக்கு இது?" "அவங்களுக்கு ஆபரேஷன் ஆகலையே" என்றேன். ஆபரேஷன் ஆனவளுக்குத்தான் வலி தெரியும் என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

முதல் 4 வாரம் பிரச்சினை இல்லை. குழுவில் எதைப் போட்டாலும் இதயச் சின்னமாக வந்து குவியும். விட்டமின் டப்பா வந்தது. மென்று தின்கிற கம்மி வகை, பழ வாசனையோடு. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு இதையே எடுக்கச் சொன்னாள், பைக்கு இது மென்மையாம். நிறுத்தினேன். இந்த ஒரு வரியை எழுதும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது.

5ஆவது வாரம் வாந்தி ஆரம்பித்தது. மசித்தது 2 தேக்கரண்டி உள்ளே போனால் நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல அடைக்கும், வாயில் நுரை கட்டும், 10 நிமிடத்தில் போனது அப்படியே திரும்பிவிடும். 3ஆவது நாள் தண்ணீரும் தங்கவில்லை. செயலியில் எழுதினேன். பதில் வந்தது: "உங்கள் உடல் புதிய பைக்குப் பழகும் கட்டம் இது. சின்னச் சின்ன மிடறாகக் குடியுங்கள். நேர்மறையாக இருங்கள்." மறுநாள் எழுதினேன், அதே 3 வாக்கியம். அதற்கு மறுநாளும் அதேதான், அனுப்பியவர் பெயர் மட்டும் வேறு. 4ஆவது தடவை வந்த பதிலில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாருடைய பெயரோ இருந்தது.

7ஆவது நாள் ராத்திரி. மணி 2 தாண்டிவிட்டது. குளியலறைத் தரையில் உட்கார்ந்தபடி அவளைக் கூப்பிட்டேன். அவள் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது, ஆள் இணைப்பில் இருக்கிறாள் என்று அர்த்தம். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். மொத்தம் 6 தடவை. விடியும்வரை அந்தப் புள்ளி அணையவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தப் புள்ளி எல்லோருடைய படத்துக்குப் பக்கத்திலும் எப்போதுமே எரிகிறது.

காலையில் வேறு யாரோ எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, "அவசரப்பட்டுப் போனால் தேவையில்லாத டெஸ்ட் எல்லாம் எடுப்பார்கள், முதலில் எங்கள் நிபுணர் பார்க்கட்டும்" என்றார்கள். நிபுணருக்கு நேரம் கிடைத்தது 6 நாள் கழித்து. உடனே பார்க்க வேண்டுமானால் மேல்நிலைப் பேக்கேஜுக்கு மாறி இன்னும் பணம் கட்ட வேண்டுமாம். ஏற்கெனவே கட்டிய 2 மாதச் சம்பளத்துக்கு அந்த "எந்த நேரமும்" சேராதா என்று கேட்டேன். அதற்கும் ஒரு இதயச் சின்னம்தான் வந்தது.

11ஆவது நாள் பாதம் இரண்டும் மரத்தன. எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்பு. கட்டிலிலிருந்து எழுந்தால் தள்ளாட்டம். தங்கை வந்து பார்த்தாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அலமாரியைத் திறந்து டிஸ்சார்ஜ் ஃபைலை எடுத்தாள். அதன் முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் இருந்தது. ஆஸ்பத்திரி எண், எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. 5 வாரமாக என் அலமாரியில்தான் இருந்திருக்கிறது. அவள் கூப்பிட்டாள், இரண்டாவது மணியில் ஒரு நர்ஸ் எடுத்தார். அவர் கேட்டதே 3 கேள்விதான்: எத்தனை நாளாக வாந்தி, சிறுநீர் போகிறதா, கால் மரத்திருக்கிறதா. "இப்பவே கூட்டிட்டு வாங்க."

அங்கே போன பிறகுதான் எல்லாம் விளங்கியது. பையையும் குடலையும் இணைத்த இடம் சுருங்கிவிட்டிருந்தது. பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு முதல் சில மாதங்களில் வரக்கூடியதுதான், எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூன் விட்டு விரிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் விரித்தார்கள். ஆனால் அதைவிட டாக்டர் பதறியது கால் மரத்ததற்கு. தயமின், அதாவது பி1 விட்டமின். உடம்பில் அதன் இருப்பு 2, 3 வாரத்துக்குமேல் வராது. சாப்பாடும் தங்காமல், மாத்திரையும் இல்லாமல் போனால் வேகமாகக் காலியாகி நரம்பைத் தாக்கும், மூளையையும் தாக்கும். கண் அசைவு குழம்பும், நடை தடுமாறும், நினைவு போகும், தாமதித்தால் போனது முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதனால்தான் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமினை ஏற்றினார்கள். தயமின் குறைந்த உடம்பில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாமாம்.

தங்கை அந்தக் கம்மி டப்பாவைக் கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்து எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரும்புச்சத்து இல்லை. பி1 இல்லை. பி12 பெயருக்குத்தான். "இதை யார் எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவளுக்கு வயிற்றில் தழும்பு இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தழும்பு இருப்பவர்கள் எல்லாம் மருத்துவம் படித்தவர்கள் இல்லை, அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

படுக்கையில் இருந்தபடியே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில், முதல் பாடத்தைத் திறந்துவிட்டால் பணம் திரும்பாது என்று விதிமுறையில் இருக்கிறதாம். அந்த முதல் பாடம் என்ன தெரியுமா? செயலிக்குள் நுழைந்ததும் தானாக ஓடும் வரவேற்பு வீடியோ. இரண்டாவது பதில், என் புகாரை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். மூன்றாவது, மேலிடம் பரிசீலிக்கிறதாம். நான்காவது பதிலில், நான் சொல்லும் பிரச்சினைகள் "தனிப்பட்ட உடல்நிலை சார்ந்தவை" என்று எழுதி, அடுத்த வருடப் பேக்கேஜுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலில் மரப்பு இன்னும் போகவில்லை, எனக்குத் தள்ளுபடி! அக்கா, அக்கா என்று உருகினவர்கள் இப்போது "அன்புள்ள வாடிக்கையாளரே" என்கிறார்கள். குழுவில் நடந்ததை எழுதினேன், கால் மணி நேரத்தில் அழித்துவிட்டு என்னையும் வெளியேற்றிவிட்டார்கள். அவளுக்குத் தனியாக எழுதினேன். படித்துவிட்டாள், அது தெரிகிறது. பதில் இல்லை. 2 மாதச் சம்பளம். கடன் கேட்டும் சேமித்தும் கட்டிய பணம்.

வேறு நோய் இல்லாவிட்டால் இந்த ஆபரேஷனுக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 40 ஆவது இருக்க வேண்டும் என்று 1991-இல் வைத்த அளவை 2022-இல் மருத்துவச் சங்கங்கள் 35 ஆகக் குறைத்தன. இனிமேல் நம்மைப் போல நிறைய பேர் இந்த மேசையில் படுப்பார்கள், பயந்துபோய் ராத்திரியில் போனில் துணை தேடுவார்கள். அவர்களுக்குத்தான் இது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், உடம்பு ஒத்துழைக்கவில்லை. நினைவில் இருப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். ஆஸ்பத்திரி எழுதிய மாத்திரையை அந்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், மாற்றாதீர்கள். விட்டமின் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்: இரும்பு, பி1, பி12 இருக்கிறதா என்று. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காதீர்கள், 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தண்ணீர் ஒரு நாள் முழுக்கத் தங்கவில்லையென்றால் யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள், ஆபரேஷன் செய்த இடத்துக்கே கூப்பிடுங்கள். ஆபரேஷன் ஆன புதிதில் நெஞ்சு படபடவென்று அடித்தாலோ, காய்ச்சலோ, வயிற்றுவலியோ, தோள்பட்டை வலியோ, மூச்சு முட்டலோ வந்தாலும் அப்படித்தான், அது தையல் கசிவாக இருக்கலாம். கால் மரத்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். வலிக்கு இப்யூபுரூஃபன் மாதிரி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பைபாஸ் செய்த பையில் புண் வரும். ஆதரவுக் குழு வேண்டுமா, உங்கள் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். என் ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை இலவசமாக நடக்கிறது, நான்தான் கேட்கவே இல்லை.

அந்த அவசர எண்ணைத் தங்கை பெரிய எழுத்தில் எழுதி என் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறாள். நீங்களும் இன்றைக்கே ஃபைலைத் திறந்து, அந்த எண்ணை எடுத்து, வீட்டில் இருப்பவர்கள் போனில் போட்டுவையுங்கள். இன்று காலை 5ஆவது மின்னஞ்சல் போட்டேன். என் புகார் முடித்துவைக்கப்பட்டதாகப் பதில் வந்திருக்கிறது, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியோடு.