இரண்டு கட்டம் காட்டி ஏழு கட்டத்தை நிரப்பிக்கொண்ட படிவம்

கடவுச்சொற்களைச் சேமித்து நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜரில் பெயர், முகவரி, கைபேசி எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் 'அடையாளம்' என்று ஒரே பதிவாகச் சேமித்து வைத்து, படிவம் வந்தால் ஒரே க்ளிக்கில் நிரப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடவுச்சொல்லுக்கு அந்தக் கருவி தருகிற பாதுகாப்பு இந்த அடையாளப் பதிவுக்குக் கிடையாது. எனக்கு அது ஒரு கடன் விற்பனையாளர் மூலமாகத்தான் புரிந்தது.

"சார், சும்மாவுல நீங்க எந்தப் பொறுப்புல இருக்கீங்க?" என்று கேட்டார் அவர்.

என்ன சும்மா என்றேன். "உங்க கம்பெனி பேரு அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றார், மரியாதை குறையாமல். சிரிப்புதான் வந்தது, ஆனால் உடனே வயிற்றைக் கலக்கியது. கருவியில் அடையாளப் பதிவை உருவாக்கியபோது, நிறுவனம் என்ற கட்டத்தில் எதையாவது போட்டு வைப்போமே என்று 'சும்மா' என்று தட்டியிருந்தேன். உலகத்தில் வேறெங்கும் நான் அப்படி எழுதியதில்லை. அவர் அழைத்த என் கைபேசி எண்ணும் புதியது. வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தப் பதிவுக்கும்தான் தெரியும்.

பதிவில் எண்ணைச் சேர்த்த பிறகு அதை எங்கெல்லாம் நிரப்பினேன் என்று பிரவுசர் வரலாற்றைத் துழாவினேன். மற்றவற்றையெல்லாம் கழித்த பிறகு கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: கடன் வட்டி விகிதங்களை ஒப்பிட்டு இலவச அட்டவணை தருவதாகச் சொன்ன ஒரு தளம். அங்கே கேட்டது பெயரும் மின்னஞ்சலும் மட்டும். அதைவிட முக்கியம், நான் அதை அனுப்பவே இல்லை. நிரப்பிய பிறகு, பொத்தானுக்குக் கீழே பொடி எழுத்தில் 'கூட்டாளி நிறுவனங்களுடன் பகிரப்படலாம்' என்று இருந்ததைப் பார்த்து, பக்கத்தை மூடிவிட்டு வந்தேன். அதனால் முதலில் அந்தத் தளத்தைச் சந்தேகப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று கருவியில் ஒரு பொய் அடையாளம் உருவாக்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக அடையாளம் காணக்கூடிய உளறல். பிரவுசரின் டெவலப்பர் கருவியில், பக்கம் எதை வெளியே அனுப்புகிறது என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பக்கத்துக்குப் போய் நிரப்பினேன். கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு கட்டம். பக்கத்தின் மூல நிரலில் இருந்தது ஏழு. கைபேசி, முகவரி, அஞ்சல் குறியீடு, நிறுவனம், பிறந்த தேதி ஆகிய ஐந்தும் திரையின் இடது ஓரத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான பிக்ஸல் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. கருவி ஏழையும் சமர்த்தாக நிரப்பியது. நிரப்பிய அடுத்த நொடி, நான் எந்தப் பொத்தானையும் தொடாமலே, நெட்வொர்க் பட்டியலில் ஒரு புதிய வரி. அதைத் திறந்து பார்த்தால் என் உளறல் ஏழும் வரிசையாக வெளியே போயிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்றால், நிரப்பும் கருவி படிவத்தை நம்மைப் போலக் கண்ணால் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தின் பெயர், அடையாளக் குறி, 'ஆட்டோகம்ப்ளீட்' பண்பு இவற்றைப் படித்து, இது தொலைபேசி, இது தெரு என்று முடிவு செய்கிறது. முற்றிலும் மறைக்கப்பட்ட கட்டங்களைப் பல கருவிகள் விட்டுவிடும். ஆனால் திரைக்கு வெளியே தள்ளியது, ஒளி ஊடுருவும்படி ஆக்கியது, ஒரு பிக்ஸல் அளவுக்குச் சுருக்கியது எல்லாம் கணக்குப்படி 'தெரியும்' கட்டங்களாகவே தப்பிவிடலாம். நிரப்பியாகிவிட்டால் அந்தப் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் என்கிற சிறு நிரல் அதைப் படிக்கத் தடையேதும் இல்லை. 'அனுப்பு' பொத்தானெல்லாம் நம் மனத்திருப்திக்குத்தான்.

இது புதுத் தந்திரமும் இல்லை என்பதுதான் எரிச்சல். பின்லாந்தைச் சேர்ந்த வில்யாமி குவோஸ்மனென் என்ற நிரலர் 2017 ஜனவரியிலேயே இதே மாதிரி ஒரு செய்முறைப் பக்கத்தை வெளியிட்டுக் காட்டினார்: தெரிவது பெயரும் மின்னஞ்சலும், போவது முகவரி வரை. அதே ஆண்டு டிசம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணுக்குத் தெரியாத உள்நுழைவுப் படிவங்களை வைத்து, பிரவுசர் தானாக நிரப்பும் மின்னஞ்சலை விளம்பர ஸ்கிரிப்டுகள் எடுப்பதை அம்பலப்படுத்தினார்கள். முன்னணியிலுள்ள 10 லட்சம் தளங்களில் 1,110 தளங்களில் அந்த ஸ்கிரிப்டுகள் இருந்தன. அனுப்பு பொத்தானை அழுத்தும் முன்பே தகவல் போவது பற்றி 2022-இல் ஒரு தனி ஆய்வே வந்தது. முன்னணி 1 லட்சம் தளங்களைப் பார்த்ததில், ஐரோப்பாவிலிருந்து திறந்தபோது 1,844 தளங்களிலும் அமெரிக்காவிலிருந்து திறந்தபோது 2,950 தளங்களிலும் மின்னஞ்சல் முகவரி அப்படி நழுவிக் கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது.

தளத்துக்கு எழுதினேன். 'தாங்களே மனமுவந்து சமர்ப்பித்த விவரங்களின் அடிப்படையில்தான் எங்கள் கூட்டாளிகள் தொடர்பு கொண்டனர்' என்று பதில். சமர்ப்பிக்கவே இல்லையே என்று நெட்வொர்க் பட்டியலின் படத்தோடு மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. சில நாளில் அந்தப் படிவத்தில் மட்டும் ஏழு இரண்டாகியிருந்தது. அழைப்புகள் நின்றபாடில்லை.

அதைவிடக் கோபம் வந்தது பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்தின் மேல். இவர்களுக்குச் சந்தா கட்டுகிறேன். கடவுச்சொல் விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்: எந்தத் தளத்துக்காகச் சேமித்தோமோ அந்த டொமைனில், அதாவது அதே தள முகவரியில்தான் அதை நீட்டும், ஒரு எழுத்து மாறிய போலித் தளத்தில் வாயைத் திறக்காது. ஆனால் அடையாளப் பதிவும் வங்கி அட்டைப் பதிவும் எந்த டொமைனோடும் கட்டப்பட்டவை அல்ல. எந்தப் படிவம் கேட்டாலும் கொடுப்பதற்கென்றே இருப்பவை. அப்படியென்றால் கொடுக்கும் முன் 'இந்த ஏழையும் நிரப்பப் போகிறேன், சரியா?' என்று ஒரு பட்டியல் காட்ட வேண்டாமா? இதைக் கேட்டதற்கு முதல் பதில், 'கருவி வடிவமைக்கப்பட்டபடியே செயல்படுகிறது.' அதோடு பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பான கேஷை அழித்துப் பார்க்கச் சொன்னார்கள். கேஷுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளப் பதிவை உடைத்துவிட்டேன். எல்லா இடத்துக்கும் போவதில் பெயரும் இரண்டாம் மின்னஞ்சலும் மட்டும். முகவரியும் எண்ணும் தனிப் பதிவு, பொருள் வரவழைக்கும்போது மட்டும் அதைத் தேர்வேன். பிறந்த தேதியையும் அரசு அடையாள எண்களையும் நிரப்பக்கூடிய பதிவிலிருந்து எடுத்து, பாதுகாப்புக் குறிப்பாக வைத்துவிட்டேன். தேவைப்பட்டால் அந்த ஒரு கட்டத்துக்கு நகலெடுத்து ஒட்டுவேன். பக்கம் திறந்ததும் தானாக நிரப்பும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரே படிவங்களை நிரப்பும் ஆட்டோஃபில் வசதியையும் மறக்காதீர்கள். மேனேஜரைச் சரிசெய்துவிட்டு அதை அப்படியே விட்டால் அந்த வழியாகவும் இதே விவரங்கள் போகும்.

இன்னொன்று. 'நானாக க்ளிக் செய்தால்தானே நிரப்பும்' என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. 2025 ஆகஸ்டில் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் மாரெக் டோத் என்ற ஆய்வாளர், பிரவுசரில் மேனேஜர் இயங்கும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) காட்டும் தேர்வுப் பட்டியலையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கி, குக்கி அனுமதிப் பெட்டியை மூடுவதாக நினைத்து நாம் செய்கிற க்ளிக்கை அதன்மேல் விழ வைக்கலாம் என்று காட்டினார். அவர் சோதித்தது 11 பிரபல மேனேஜர்களை. குரோம் வகை பிரவுசர்களில் நீட்சிக்கான தள அனுமதியை 'க்ளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றிக்கொள்வது ஒரு தடுப்பு. ஒவ்வொரு முறையும் நீட்சியின் படத்தைத் தட்ட வேண்டியிருக்கும், தொல்லைதான். அப்புறம் பழகிவிட்டது.

கடவுச்சொல்லுக்காக மேனேஜரைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன், அதை விடச் சொல்லவில்லை. நிரப்பும் முன் பட்டியல் காட்டும்படி நான் கேட்டதை 'புதிய வசதிக்கான கோரிக்கை' என்று பதிந்துகொண்டு புகாரை முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த புதிய பதிப்பிலும் அதே பொய் அடையாளத்தை வைத்து, பக்க ஓரத்துக்கு வெளியே கட்டங்கள் வைத்து நானே எழுதிய ஒரு சின்னப் பக்கத்தில் நிரப்பிப் பார்த்தேன். ஏழும் நிரம்பின.