சேசிஸை வாங்குவதா, நாமே பற்றவைப்பதா?

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் கிட் கார் மேல் ஆசை வந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான லோட்டஸ் செவன் பாணியில் இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி. அதன் சேசிஸுக்கு, அதாவது சட்டகத்துக்கு, வேண்டியது 25 மி.மீ. சதுரக் குழாய், சுவர்க் கனம் 1.6 மி.மீ. மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல் எடை. எல்லாம் சேர்த்தாலும் ஓர் ஆளின் எடைதான் வரும். இரும்புக்கடை விலையில் அதைப் பெருக்கிவிட்டு ரெடிமேட் சேசிஸின் விலையைப் பார்த்தால் பகல் கொள்ளையாகத் தோன்றும். நானும் அப்படித்தான் கோபப்பட்டேன், கோபத்திலேயே ஒரு வெல்டிங் மெஷினும் வாங்கினேன். பெருக்கலில் தப்பில்லை. எதைப் பெருக்கினேன் என்பதில்தான் தப்பு.

சேசிஸ் என்றதும் குழாய்கள்தான் கண்ணில் படும். வண்டிக்கு வேண்டியதோ புள்ளிகள். முன்பக்கம் டபுள் விஷ்போன் (சக்கரத்தைச் சட்டகத்தோடு மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரண்டு கைகள்) என்றால், ஒரு சக்கரத்துக்கு மேல் கையில் இரண்டு, கீழ்க் கையில் இரண்டு என நாலு கீல். இரண்டு பக்கமும் எட்டு. ஷாக் அப்சார்பரின் மேல்முனைகள் இரண்டு, ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ராக்கைப் பிடிக்கும் இடங்கள் இரண்டு. ஆக முன்பக்கம் மட்டும் பன்னிரண்டு. இவற்றைச் சரியான இடத்தில் அசையாமல் நிறுத்தி வைக்கத்தான் அத்தனை குழாயும். ராக் சில மில்லிமீட்டர் உயரமாக உட்கார்ந்துவிட்டால் போதும், சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே அது தானாகத் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பார்கள். நேர் ரோட்டில் வண்டியை நேராக ஓட்டவே கையில் சண்டை போட வேண்டியிருக்கும்.

ரெடிமேட் சேசிஸ் விற்பவர் இந்தப் புள்ளிகளை ஜிக்கில் (பாகங்களை அசையாமல் பிடிக்கும் அளவுச் சட்டத்தில்) பூட்டி வைத்துத்தான் பற்றவைக்கிறார். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு அந்த ஜிக்குக்கு. முதல் சில வண்டிகளில் வந்த குறைகள் திருத்தப்பட்ட பிறகுதான் நம் சட்டகம் அதில் ஏறுகிறது என்பதும் ஒரு லாபம். 1957-இல் வந்த செவனையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு வண்டிக்கு இருந்த விற்பனை வரி உதிரிபாகங்களுக்கு இல்லை என்பதால் பிரிட்டனில் பலரும் அதைப் பிரித்த நிலையில் வாங்கி வீட்டில் பூட்டினார்கள். ஆனால் சட்டகம் பற்றவைத்தேதான் வந்தது. இதில் வேடிக்கை, அந்தச் சட்டகத்தை லோட்டஸ் தன் கையால் செய்யவில்லை, வெளிப்பட்டறையில் செய்து வாங்கியது. லோட்டஸை நிறுவிய காலின் சாப்மனே சேசிஸை வாங்கியவர்தான் என்று வாங்கும் கட்சிக்காரர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அதற்காக, விற்கிற சேசிஸ் எல்லாம் நேராக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நண்பர் ஒருவர் வாங்கியதில் பின்பக்கப் பிராக்கெட் ஒன்று மற்றதைவிட 4 மி.மீ. தள்ளி நின்றது. கறுப்பாகப் பளபளவென்று பவுடர் கோட்டிங் அடித்து வந்ததால் வந்த அன்றைக்கு யாரும் டேப்பை எடுக்கவில்லை. ஆக்ஸில் ஏற மறுத்தபோதுதான் தெரிந்தது. வாங்குகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: பெயின்ட் இல்லாமல் வெறும் இரும்பாகக் கேளுங்கள். பூச்சு அடித்துவிட்டால் பற்றவைப்பின் லட்சணமும் தெரியாது, விரிசலும் தெரியாது. வந்ததும் மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பிறகு கோட்டிங்குக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

சரி, நாமே செய்தால்?

அறுப்பது சுலபம். பொறுமையும் நல்ல பிளேடும் இருந்தால் ஹாக்ஸாவே போதும். 18 மி.மீ. பலகையை ரசமட்டம் பார்த்துச் சமதளமாகப் போட்டு, அதன் மேல் சட்டகத்தை முழு அளவில் வரைந்து, குழாய்களைக் கோட்டின் மேல் வைத்து, இரு பக்கமும் கட்டை அடித்துப் பிடித்துக்கொள்ளலாம். இதுவரை தச்சு வேலைதான். கஷ்டம் எல்லாம் நெருப்பு வந்த பிறகு.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்தில் இருக்கும் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் நானும் ஆரம்பித்தேன். ஆனாலும் பின்பக்க மூலை ஒன்று அழகாக டேக் ஆகி (சின்னப் பொட்டு வெல்டிங்கில் ஒட்டி) நின்றதைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. சுற்றிலும் ஒரே மூச்சில் முழுசாகப் பற்றவைத்துவிட்டேன். காலையில் மூலைமட்டத்தை வைத்தால் ஒரு முனை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, மறுமுனையில் மூன்று மில்லிமீட்டர் வெளிச்சம். குழாயை வளைத்து நேராக்கப் பார்த்தேன். அது பக்கத்து மூலையைக் கெடுத்தது. முழுச் சட்டகத்தையும் முதலில் டேக்கில் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் இடது முன் மூலையில் ஓர் அங்குலம், வலது பின் மூலையில் ஓர் அங்குலம் என்று தாவித் தாவிப் பற்றவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் குறுக்களவு பார்க்க வேண்டும். ரொம்ப அலுப்பான வேலை. நேரான சட்டகத்துக்கு வேறு வழியும் இல்லை.

கோணலாவது கண்ணுக்குத் தெரியும். அதைவிட எனக்குப் பயம், பார்க்க அழகாக இருக்கும் மோசமான பற்றவைப்பு. கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங் மெஷினில் பழகுவது சுலபம். கரன்ட்டைக் குறைத்து வைத்தாலும் மேலே வரிசையான அலைகளோடு கோடு விழும். உள்ளே இரும்பும் இரும்பும் சேர்ந்தே இருக்காது, பசை தடவி ஒட்டியதுபோல் மேலோடு நிற்கும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குச் செலவே இல்லை. அதே குழாயில் இரண்டு துண்டை அதே செட்டிங்கில் T வடிவில் பற்றவைத்து, வைஸில் இறுக்கிச் சுத்தியலால் பிய்யும்வரை அடியுங்கள். குழாய் மடங்கிக் கிழிந்தால் நல்லது. வெல்டிங் அப்படியே தகடுபோல உரிந்து வந்தால் அந்தக் கையோடு சேசிஸைத் தொடாதீர்கள். முதல் வாரம் எனக்கு எல்லாமே உரிந்துதான் வந்தது. சீட் பெல்ட்டைப் பிடிக்கப்போவதும் இதே கை போடும் கோடுதானே.

சட்டகம் முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும் விறைப்பு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே பதில்: அளந்து பாருங்கள். பின்பக்கத்தைத் தரையோடு பூட்டி, முன்பக்கத்தை நடுவில் ஒரே புள்ளியில் தாங்கவிட்டு, குறுக்கே ஒரு கம்பியைக் கட்டி, நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 50 கிலோவைத் தொங்கவிடுங்கள். கம்பியின் முனை 9 மி.மீ. இறங்கினால் சட்டகம் சுமார் அரை டிகிரி முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். அதாவது ஒரு டிகிரி முறுக்கச் சுமார் 950 நியூட்டன் மீட்டர் திருகுவிசை வேண்டும். இன்றைய சாதாரண கார்களின் கூடு இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பானது. பயப்பட வேண்டாம், இந்த வண்டிகள் எடை குறைந்தவை. தரையிலும், இரண்டு சீட்டுக்கும் நடுவே ஓடும் சுரங்கத்திலும் அலுமினியத் தகட்டை ஒட்டி ரிவெட் அடித்தால் எண் ஏறும். ரெடிமேட் சேசிஸ் விற்பவரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா, மழுப்பல் வருகிறதா என்பதிலேயே பாதி முடிவு கிடைத்துவிடும்.

சொந்தமாகச் செய்பவருக்குச் சந்தேகமில்லாமல் வெற்றி கிடைப்பது ஓர் இடத்தில். உங்கள் உயரம் ஆறடிக்கு மேல், அல்லது நீங்கள் வைக்க நினைக்கும் இன்ஜின் யாரும் வைக்காத இன்ஜின். ரெடிமேட் சேசிஸ் பாகங்களைக் கழற்றி எடுக்கும் ஏதோ ஒரு தாய் வண்டியை மனதில் வைத்துத்தான் வரும். மாஸ்டா எம்எக்ஸ்-5 பாகங்களுக்கென்று செய்ததில் எம்எக்ஸ்-5 பாகங்கள் கனகச்சிதமாக உட்காரும். வேறு இன்ஜினை இறக்க நினைத்தால் முதலில் இடிப்பது இன்ஜின் அறையில் மூலைக்கு மூலை போகும் குறுக்குக் குழாய். “இது ஒன்றுதானே” என்று அதை அறுப்பார்கள். குறுக்குக் குழாய் இருக்கும்வரை அது முக்கோணம். எடுத்துவிட்டால் வெறும் நாற்கரம், தீப்பெட்டிக் கூடுபோல் சாயும். காசு கொடுத்து வாங்கிய விறைப்பைக் கிரைண்டரால் தூக்கி எறிவதற்கு, முதலிலேயே நமக்கேற்றபடி வரைந்து செய்வது மேல்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சனி ஞாயிறாக ஐந்து மாதம் போனது, மெஷின் பழகிய நாட்கள் தனி. வாங்கியவர் அந்த ஐந்து மாதத்தில் சக்கரம் மாட்டி, சீட்டில் உட்கார்ந்து வாயால் வண்டி ஓட்டிப் பார்த்திருப்பார். சிரிக்காதீர்கள், பாதியில் நின்றுபோகும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உற்சாகத்தின் மதிப்பு தெரியும். பணத்திலும் வித்தியாசம் நினைத்த அளவு இல்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், டயர், வயரிங், பாடி என்று இரண்டு பேருக்கும் ஒரே பட்டியல்தான். அதன் பக்கத்தில் வைத்தால் சேசிஸில் மிச்சப்படுத்தியது சுருங்கிவிடும். வெல்டிங் மெஷின், கேஸ், ஹெல்மெட் விலையைக் கழித்தால் இன்னும் சுருங்கும்.

சட்டத்தை மட்டும் முதல் குழாயை அறுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் ஐவிஏ எனப்படும், தனித்தனி வண்டிக்கான ஒப்புதல் சோதனையில் தேறினால் வீட்டில் கட்டிய வண்டி ரோட்டுக்கு வரலாம். வேறு சில இடங்களில் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பதிவு எண் கிடைப்பது குதிரைக் கொம்பு; அங்கே எந்தச் சேசிஸாக இருந்தாலும் அது பந்தய மைதானத்துக்குத்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, எனக்கு இப்போது பிடித்தது அதுதான். குழாய்களை லேசரில் அறுத்து, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்படி வாய் வெட்டித் தருகிறவர்கள் உண்டு. விஷ்போன்களையும் பிராக்கெட்டுகளையும் ஜிக்கில் செய்தவையாகத் தனியே வாங்கலாம். அப்போது வெட்டின் துல்லியம் அவர்களுடையது, பற்றவைப்பு நம்முடையது. வெல்டிங் தெரியாத, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லாதவர் யோசிக்காமல் முழுச் சேசிஸையே வாங்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால், முதலில் ஒரு டிரெய்லர் செய்து பாருங்கள். அது கோணலானால் யாருக்கும் ஆபத்து குறைவு, கை எப்படிப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

என் சட்டகத்தின் அந்தப் பின் மூலை இன்னும் மூன்று மில்லிமீட்டர் கோணல்தான். பிராக்கெட்டுக்கு அடியில் இரண்டு ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நேராக்கியிருக்கிறேன். வண்டியை யாராவது பார்க்க வந்தால் அந்தப் பக்கம் நான் நின்றுகொள்வேன்.