யுவிகாவா, ஒலிம்பியாடா, மானக்கா, அறிவியல் மாநாடா?

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு அம்மா மட்டும் வராந்தாவில் நின்றிருந்தார். போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த நான்கு அறிவிப்புகள்: இஸ்ரோவின் யுவிகா முகாம், ஒலிம்பியாட் தேர்வு, பிள்ளைகளின் கண்டுபிடிப்பு யோசனைகளுக்கான இன்ஸ்பயர் மானக் விருது, நாசாவுக்குக் கூட்டிப்போகும் கல்விச் சுற்றுலா. "பாப்பா நைன்த் போறா சார். இதுல எதுல சேத்துவிட்டா நல்லது?"

நின்ற இடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. வருடக்கணக்காக அறிவியல் பாடம் எடுக்கிறேன். இவற்றில் மூன்றுக்குப் பிள்ளைகளை அனுப்பியும் இருக்கிறேன். நாசா சுற்றுலாவை முதலில் ஒதுக்கிவிடலாம். லட்சக்கணக்கில் கட்டி, காட்சிக்கு வைத்த ராக்கெட்டின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதற்கு நம் ஊரில் உல்லாசப் பயணம் என்றுதான் பெயர். ராக்கெட்தான் பார்க்க வேண்டுமென்றால் சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் சூலூர்பேட்டைக்குப் போகலாம். பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில், ஏவுதலைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க 2019-இல் இஸ்ரோ ஒரு காட்சிமாடம் திறந்தது. முன்பதிவு இலவசம்.

அந்த இடத்தில், வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்பாத ஒன்றை நான் சேர்ப்பேன்: குழந்தைகள் அறிவியல் மாநாடு.

இந்த நான்கையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கேள்வி யாருடையது என்று பார்ப்பேன். ஒலிம்பியாடில் கேள்வி வேறொருவருடையது. பதிலும் அவரிடம் இருக்கிறது. மானக்கில் பதிலைத்தான் கேட்கிறார்கள், அதாவது கருவியை. அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பெரிதாகத் துருவுவதில்லை. யுவிகாவில் பிள்ளை விருந்தாளி. மாநாட்டில் கேள்வியையே பிள்ளைதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் யுவிகா. 2019-இல் இஸ்ரோ தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். ஒரே ஒரு வருடம்தான் வாய்ப்பு. மே மாதம் இரண்டு வாரம் திருவனந்தபுரம், பெங்களூரு, அகமதாபாத், ஸ்ரீஹரிகோட்டா போன்ற இஸ்ரோ மையங்களில் ஒன்றில் தங்கவைத்து, விஞ்ஞானிகளோடு பேசவிட்டு, ஆய்வகங்களைச் சுற்றிக்காட்டி அனுப்புகிறார்கள். ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. முதல் ஆண்டில் மாநிலத்துக்கு மூன்று பேர் என்று எடுத்தார்கள். பின்னர் நாடு முழுவதுக்குமான இடங்கள் 300-ஐத் தாண்டின.

எனக்குப் பிடித்தது தேர்வு முறை. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புப்படி எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி, கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் இருக்கும் பள்ளியில் படிப்பவருக்கு 15 சதவீதம், ஆன்லைன் வினாடி வினாவுக்கு 10. மிச்சம் அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர், என்.சி.சி. ஆகியவற்றுக்கு. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பது குறையாக இல்லாமல் மார்க்காக மாறும் இடங்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. ஆனால் வேறு எதிலும் சேராத பிள்ளைக்குச் சில மதிப்பெண் தானாகவே போய்விடும். யுவிகாவுக்கான தயாரிப்பு என்பது ஆறாம் வகுப்பிலிருந்தே மற்ற எல்லாவற்றிலும் தலைகாட்டி வைப்பதுதான்.

குறை? இரண்டு வாரம் முடிந்தால் முடிந்ததுதான். ஜூனில் பத்தாம் வகுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். திரவ எரிபொருள் எஞ்சினைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் பள்ளியில் யாரும் அதைப் பற்றி மறுபடி பேசுவதில்லை.

ஒலிம்பியாட் வேறு ரகம். இங்கே ஒரு எச்சரிக்கை: பள்ளி டைரியோடு கட்டண ரசீதும் சேர்த்து வரும் தனியார் தேர்வுகளுக்கும் ஒலிம்பியாட் என்றுதான் பெயர். தங்க நிறத்தில் மெடல் வரும், அவ்வளவுதான். இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் அறிவியல் ஒலிம்பியாட் மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில் நடப்பது. முதல் சுற்றை இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்துகிறது. பத்தாம் வகுப்பு வரை ஜூனியர் சயின்ஸ். அதற்கு மேல் இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் என்று தனித்தனியாக. ஆயிரக்கணக்கானோர் எழுதி, சல்லடை மேல் சல்லடையாகச் சலித்து, கடைசியில் இயற்பியலுக்கு ஐந்து பேர், ஜூனியர் சயின்ஸுக்கு ஆறு பேர் வெளிநாடு போவார்கள்.

நம் பிள்ளை அந்த ஆறில் ஒன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டு இதில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் தயாரிப்பே ஒரு படிப்பு. மூடிய அறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா, சூடாகுமா? வெப்பவியல் பாடத்தை வரி விடாமல் ஒப்பிக்கும் பையன் 'குளிரும்' என்பான். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கைவைத்துப் பார்த்த பையன் கொஞ்சம் யோசிப்பான். உள்ளே எடுத்த வெப்பத்தோடு மோட்டார் இழுத்த மின்சாரமும் சேர்ந்து அறைக்குள்ளேதான் வெப்பமாக வந்து விழுகிறது. ஆக, அறை சூடாகும். இந்த வகை யோசனைக்குப் பழக்குவதில் ஒலிம்பியாடை அடிக்க ஆள் இல்லை. பழைய வினாத்தாள்களும் விடைகளும் ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆங்கிலத்தில். தமிழ்வழிப் பிள்ளை முதலில் ஏற வேண்டிய மதில் அதுதான். கணித ஒலிம்பியாடுக்கு இன்னொரு லாபமும் உண்டு: தேசிய நிலையைத் தாண்டியவர்களைச் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம் நுழைவுத்தேர்வு இல்லாமலே எடுத்துக்கொள்வதுண்டு.

இன்ஸ்பயர் மானக், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது. பிள்ளை தானாக விண்ணப்பிக்க முடியாது. தலைமையாசிரியர்தான் யோசனைகளைப் பதிவேற்ற வேண்டும். யோசனை தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். அப்புறம் மாவட்டக் கண்காட்சி, மாநிலம், தேசியம். ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தன் பெயரில் பாஸ்புக் வைத்துக்கொண்டு, சென்சார் என்ன விலை, மோட்டார் என்ன விலை என்று பேரம் பேசுவது நல்ல காட்சி. மற்ற மூன்றிலும் அது கிடையாது.

ஆனால் மாவட்டக் கண்காட்சிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பார்வையற்றோருக்கு ஸ்மார்ட் குச்சி. அடுத்த மேஜையிலும் ஸ்மார்ட் குச்சி. அதற்கடுத்த மேஜையில் தூங்கும் டிரைவரை எழுப்பும் கண்ணாடி. சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாகங்கள் எல்லாம் ஒரே செட்டாகவே கிடைக்கின்றன. அப்பா வாங்கி வந்து, அண்ணன் புரோகிராம் எழுதிக்கொடுத்து, பிள்ளை பக்கத்தில் யூனிஃபார்மில் நிற்கும். பார்வையற்ற ஒருவரிடம் அந்தக் குச்சியைக் கொடுத்துப் பார்த்தாயா என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் பதில் ஒரு சிரிப்புதான்.

திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரை எல்லோருக்கும் தெரியும். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசியவர். அவர் பெற்றது மானக் விருது அல்ல, அதே அறக்கட்டளையின் இக்னைட் விருது. அவர் தொடங்கியது கருவியிலிருந்து இல்லை. தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, இவ்வளவு கரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டதிலிருந்து. கருவி பிறகு வந்தது.

சரி, அறிவியல் மாநாடு. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இல் தொடங்கியது. 10 முதல் 17 வயது வரை. இருவர் கொண்ட குழு. தமிழ்நாட்டில் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். விதி எளிமையானது: உங்கள் ஊரில் ஒரு பிரச்சினையை எடு, அள, எழுது, வந்து சொல். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே சொல்லலாம்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் தெருக்குழாய் ஒழுகலை எடுத்தார்கள். கருவி: 200 மில்லி பிடிக்கும் ஒரு டம்ளர், என் போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். மாரியம்மன் கோயில் பக்கத்துக் குழாய்க்கு அடியில் டம்ளரை வைத்தார்கள். நான்கு நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 3 லிட்டர், நாளைக்கு 72 லிட்டர், கிட்டத்தட்ட ஐந்து குடம். ஒரே குழாயில்! சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்சில் எழுதியாகிவிட்டது. நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அதில் ஒருத்தி வந்தாள். "சார், சாயந்திரம் போய்ப் பாத்தேன். ஒழுகலயே." காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புகிறார்கள். மூன்று மணி நேரத்தில் தெரு முழுக்கப் பிடித்துத் தொட்டி காலி. தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரைதான் குழாய் ஒழுகும். 24-ஆல் பெருக்கியது தப்பு. 72 லிட்டர் 9 லிட்டராகச் சுருங்கிவிட்டது. "சார்ட்ட மாத்தணுமா சார்? 72-னே இருந்தா நல்லாருக்கும்ல?" என்று கேட்டாள் இன்னொருத்தி. அந்தக் கேள்விக்காகவே இந்த மாநாட்டுக்கு முழு மார்க் போடலாம். மாற்றினார்கள். ஒரு வாரம் காலையில் பலமுறை போய் அளந்து, தொட்டி நிறைந்திருக்கும்போது வேகமாகவும் குறையக் குறைய மெதுவாகவும் ஒழுகுகிறது என்பதால் அந்த 9-ம் சரியில்லை என்று கண்டுபிடித்தார்கள். எட்டாம் வகுப்பில் நான் நடத்திய திரவ அழுத்தப் பாடம் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. மாவட்ட அளவில் நின்றுவிட்டார்கள், மேலே போகவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. பணம் கிடையாது. சான்றிதழுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் பெரிய மதிப்பும் கிடையாது. வழிகாட்டி ஆசிரியர் சரியில்லாவிட்டால் எல்லாம் நாடகம். நானே முதல் வருடம் அறிக்கையை உட்கார்ந்து திருத்தி எழுதிக் கொடுத்தேன். "ஏன் ஐந்து தெரு மட்டும் எடுத்தீர்கள்?" என்று நடுவர் கேட்டார். பையன் பதில் சொல்லாமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

இவற்றுக்கு வெளியே மாணவர் செயற்கைக்கோள் என்று ஒன்று அவ்வப்போது வரும். 2022 ஆகஸ்ட் 7-இல் போன ஆசாதிசாட் நினைவிருக்கலாம். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் நிறுவனம் ஒருங்கிணைக்க, 75 பள்ளிகளின் 750 மாணவிகள் செய்த கருவிகள். மதுரைப் பக்கம் திருமங்கலத்து அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் அந்த முதல் பயணம் தடத்தில் சேர்க்காமல் கீழே விட்டுவிட்டது. அடுத்த பிப்ரவரியில் இரண்டாவது செயற்கைக்கோள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. நல்ல அனுபவம். ஆனால் உங்கள் பள்ளிக்கு அழைப்பு வந்தால்தான் உண்டு. தேடிப்போய்ச் சேரும் வழி இல்லை. பிள்ளைகள் கருவி செய்து பழக மத்திய அரசு உதவியில் அமைத்த அடல் ஆய்வகம் இருக்கும் பள்ளியென்றால் அங்கே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: சாவி யாரிடம் இருக்கிறது? பூட்டிய 3டி பிரிண்டரால் யாருக்கும் பயனில்லை.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "வீட்ல சும்மா இருக்கும்போது பொண்ணு என்ன பண்ணுவா?" என்று கேட்டேன். கணக்குப் புதிர் என்று சொல்லியிருந்தால் ஒலிம்பியாட் பக்கம் கைகாட்டியிருப்பேன். தொணதொணவென்று கேள்வி கேட்பாள் என்றால் மாநாடு.

"போன மாசம் மிக்ஸியப் பிரிச்சுப் போட்டா சார். இன்னும் சேக்கல."

மானக்குக்குப் பெயர் கொடுக்கலாம் என்றேன். எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பத்திரமாக வைத்து, பிப்ரவரியில் யுவிகா அறிவிப்பு வருகிறதா என்று இஸ்ரோவின் இணையதளத்தில் பார்க்கவும் சொன்னேன். அதற்குள் அந்த மிக்ஸியை அவளையே சேர்க்கச் சொல்லுங்கள், மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். சட்னிக்கு என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டார். அம்மிதான்.