கொழிஞ்சாம்பாறைத் துணிக்கடையின் பண்டிகைச் சேமிப்புத் திட்டம்

ஆவணியில் ஓணக்கோடி எனும் ஓணப் புத்தாடை, ஐப்பசியில் தீபாவளித் துணி என அடுத்தடுத்துச் செலவைச் சுமக்கும் எங்கள் பாலக்காட்டு எல்லைப்புறத்துக் குடும்பங்களுக்கு, நான் சேர்ந்த இத்திட்டம் பெரிய ஆறுதல். மாதம் 500 ரூபாய் வீதம் 11 மாதம் கட்டினால், கடைக்காரர் ஒரு மாதத் தொகையைச் சேர்த்து 6,000 ரூபாய்க்குத் துணி தருகிறார். (நிறுவனங்கள் பொருளுக்கு வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் பொருளாகத் திரும்பாவிட்டால் வைப்புத்தொகையாகிவிடும் என்று நிறுவன வைப்புத்தொகை குறித்த 2014ஆம் ஆண்டு விதிகள் கூறுவதால், நகைக்கடைத் திட்டங்களும் பெரும்பாலும் 11 மாதம்தான்.)

அத்தைக்குச் செட்டுமுண்டு (கேரளப் பெண்கள் உடுத்தும் இரு துண்டு உடை), மச்சினருக்கு வேட்டி, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை என்று திட்டத்தின் தவணை அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். எழுதாத எதையும் வாங்கவில்லை. தள்ளுபடித் துணிகளுக்கு இத்தொகை செல்லாது என்பதைப் பில் போடும்போதுதான் சொன்னார்கள். அதை அட்டையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். ஆயினும் வட்டிக்குக் கடன் வாங்காமல் கழிந்த தீபாவளி என்பதால், அடுத்த அட்டைக்கும் முதல் தவணையைக் கட்டிவிட்டேன்.