ஹோம் சர்வருக்கு மெஷ் வைஃபையா, பவர்லைனா, கேபிளா?

எங்கள் வீட்டு மாடி அறையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, கூடவே ஒரு ஹார்டு டிஸ்க். இதுதான் எங்கள் ஹோம் சர்வர். குடும்பப் படங்கள் மொத்தமும் அதில்தான். ரூட்டர் கீழே ஹாலில். நடுவில் கான்கிரீட் தளமும் 9 அங்குலச் செங்கல் சுவரும். வைஃபையில் நொடிக்கு 4 மெகாபைட்டுக்கு மேல் போகாது. 40 ஜிபி படங்களை ஏற்ற மூன்று மணி நேரம் ஆனது.

முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். ரூட்டரோடு கேபிளில் இணைத்த லேப்டாப்பிலிருந்து சர்வருக்கு ஓட்டிப் பார்த்தேன்: நொடிக்கு 35 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் அதே 4 மெகாபைட். சரி, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டியது வழியை.

வீட்டில் ஆங்காங்கே வைக்கும் பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாகத் தரும் மெஷ் வைஃபையை நண்பரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கினேன். 150 மெகாபிட் வரை ஏறியது. ஆனால் அந்தப் பெட்டிகள் தங்களுக்குள்ளும் வைஃபையில்தான் பேசிக்கொள்கின்றன. மாலையில் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் பாதியாகிவிடும். போன்களுக்கு அருமையான ஏற்பாடு, சர்வருக்குப் போதாது.

மின்கம்பி வழியாகவே டேட்டா அனுப்பும் பவர்லைன் அடாப்டரை இரண்டு நாள்தான் வைத்திருந்தேன். மாடியும் ஹாலும் வேறு வேறு ஃபேஸில் இருந்ததால் 40 மெகாபிட்டைத் தாண்டவில்லை. புது ஒயரிங்கும் ஒரே ஃபேஸும் உள்ள வீட்டில் நன்றாக வரலாம். அதை நான் சோதித்ததில்லை.

நான் தேர்ந்தெடுத்தது லேன் கேபிள். டிவி கேபிள் போகும் பைப்பிலேயே எலக்ட்ரீஷியன் இழுத்துக் கொடுத்தார். 940 மெகாபிட் வந்தது. ஜிகாபிட் இணைப்பில் நடைமுறையில் கிடைக்கும் உச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். 40 ஜிபி ஏழு நிமிடத்தில் ஏறியது.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் வேகம் 11 மெகாபைட்டுக்கு இறங்கியது. இணைப்பின் வேகத்தைக் காட்டும் எத்டூல் கட்டளையைச் சர்வரில் கொடுத்துப் பார்த்தால் 1000 மெகாபிட்டுக்குப் பதில் 100. கேபிள் வாங்குகிற எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். அதனால் மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு அறுந்துவிடுவதில்லை. சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரியும், இணையமும் வரும். என்ன குறை என்றே தெரியாது.

கேபிளை வெட்டி, கத்தியால் கம்பியைச் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, அதாவது சிசிஏ. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியது. அலுமினியம் வளைவிலும் ஜாக் முனையிலும் எளிதில் ஒடியும். மறுபடியும் எலக்ட்ரீஷியன், மறுபடியும் கூலி. மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகம் போயிற்று.

இப்போது இருப்பது முழுச் செம்பில் செய்த, கேட் 5இ என்ற தர வகைக் கேபிள். ஜிகாபிட்டை 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குள் இதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. இரண்டு வருடமாக அந்தக் கம்பியைத் தொடவே இல்லை. மெஷ் வைத்திருந்தால் ரீஸ்டார்ட், அப்டேட், இடம் மாற்றிப் பார்ப்பது என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்திருக்கும்.

வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாதென்றால் மெஷ்தான் வழி. முடிந்தால் சர்வரை ரூட்டர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், ஒரு மீட்டர் கேபிளில் வேலை முடிந்துவிடும். சொந்த வீடென்றால், கேபிள் இழுக்கும்போதே பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விடச் சொல்லுங்கள். என் இரண்டாவது கேபிளை இழுக்க அது இல்லாமல் அரை நாள் போயிற்று.